மேடையில் ஊளை, பதிவில் மூச்சிரைப்பு: ஒரு கம்ப்ரஸர் அமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

உள்ளரங்கம் ஒன்றில் அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் ஒரே இசைக்குழுவின் நிகழ்ச்சி நடைபெற்றது. முதன்மைப் பாடகி, துணைப் பாடகர், கிதார், பேஸ் கிதார், கீபோர்டு, டிரம்ஸ், இடையிடையே பேசும் தொகுப்பாளர் என்பதே மேடை அமைப்பு. அரங்கம் ஏறத்தாழ 400 பேர் அமரக்கூடியது. மேடை சிறியது என்பதால் டிரம்ஸ் பாடகியின் முதுகுக்குப் பின்னால் 3 மீட்டருக்குள் இருந்தது. அவர் கால்மாட்டில், அவர் குரலை அவருக்கே கேட்கச் செய்யும் இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர்கள் அவரை நோக்கி வைக்கப்பட்டிருந்தன. நிகழ்ச்சி இணையத்தில் நேரலையாகவும் சென்றது. அத்துடன் ஒவ்வொரு மைக்கும் தனித்தனித் தடமாகப் பதிவாகி, பின்னர் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு வெளியிடுவது என்றும் முடிவாகியிருந்தது. அந்தத் தடங்களைக் கலந்து தரும் பொறுப்பு என்னுடையது என்பதால், முதல் இரவில் பார்வையாளர்களோடு அமர்ந்து கேட்டேன்.

டிஜிட்டல் மிக்ஸரை இயக்கிய ஒலிப்பொறியாளர் பதிவறையில் பல ஆண்டுகள் உழைத்தவர். குரலைப் பதிவு செய்வதில் தேர்ந்தவர். பாடகியின் மைக்குக்கு அவர் வைத்திருந்த கம்ப்ரஸர் (உரத்த ஒலியைத் தானாகவே குறைத்து ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கருவி) அமைப்பும் அந்த அனுபவத்திலிருந்தே வந்தது. பின்னால் சொல்லப்போகும் சிக்கல்களைக் கவனக்குறைவு என்று யாரேனும் எடுத்துக்கொண்டால் இந்த நிகழ்வின் பயன் கெட்டுவிடும். அந்த அமைப்பின் எண்களை ஒரு பதிவறையில், ஹெட்ஃபோனோடு நிற்கும் பாடகிக்கு வைத்திருந்தால், சற்றுக் கடுமையான அமைப்பு என்பதற்கு மேல் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் இரவில் கவனித்தவை

மாலை ஒலிச்சோதனையில் குழு இரண்டு வேகமான பாடல்களை மட்டும் வாசித்துப் பார்த்தது. பாடகி முழுக்குரலில் பாடினார். எல்லாம் சீராகவே இருந்தது.

நிகழ்ச்சி தொடங்கிச் சிறிது நேரத்தில் பாடகி மானிட்டரில் தன் குரலைக் கூட்டும்படி சைகை காட்டத் தொடங்கினார். இரண்டாம் பாடலின் முடிவில் மைக்கை மூடிக்கொண்டு மேடை ஓரத்தில் வந்து நேரிலேயே சொன்னார்: "என் குரல் எனக்கே கேக்கல தம்பி, இன்னும் கொஞ்சம் கூட்டுங்க." கூட்டப்பட்டது. அடுத்த பாடலிலும் அதே சைகை. இப்படிப் படிப்படியாக 4 டெசிபல் வரை மானிட்டர் ஏறியது. அதே வேளையில் அவர் பாடும் விசையும் ஏறிக்கொண்டே போனது. இடைவேளைக்கு முன்னரே மேல் சுரங்களில் குரல் கரகரக்கத் தொடங்கிவிட்டது.

அடுத்து வந்தது கீபோர்டு மட்டும் துணையாக வாசிக்கும் மெதுவான பாடல். பாடகி முதல் வரியை ஏறத்தாழ முணுமுணுப்பாகப் பாடி நிறுத்திய இடைவெளியில் மானிட்டர் ஊளையிட்டது. ஒலிப்பொறியாளர் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்குமிழை) இறக்கினார். ஊளை நின்றது, ஆனால் அடுத்த வரியின் தொடக்கம் அரங்கில் கேட்கவில்லை. ஏற்றினார், மீண்டும் மெல்லிய உலோக ரீங்காரம். அந்தப் பாடல் முழுவதும் இந்தப் போராட்டத்திலேயே கழிந்தது.

பாடகி அல்லாத இடங்களிலும் சில குறைகள் காதில் விழுந்தன. தொகுப்பாளர் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் அசையும் விழுங்கப்பட்டது. பேஸ் கிதாரின் கீழ்ச் சுரங்களில் ஒரு கரடுமுரடு இருந்தது. ஸ்பீக்கர் கிழிந்திருக்குமோ என்று பக்கத்தில் அமர்ந்திருந்தவர் கேட்டார். வேகமான பாடல்களில் கிக் டிரம் விழும் ஒவ்வொரு முறையும் குரல் உட்பட மொத்த ஒலியும் ஒரு கணம் அமுங்கி எழுந்தது.

அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது

நிகழ்ச்சி முடிந்த பின் மிக்ஸரில் சேமித்திருந்த அமைப்புகளையும் பதிவான தடங்களையும் ஒலிப்பொறியாளரும் நானும் சேர்ந்து பார்த்தோம்.

பாடகியின் கம்ப்ரஸரில் த்ரெஷோல்ட் −28 டெசிபல் (டிஜிட்டல் முழு அளவை 0 எனக் கொண்டு), ரேஷியோ 6:1, அட்டாக் 1 மில்லிசெகண்ட், ரிலீஸ் 60 மில்லிசெகண்ட், மேக்கப் கெயின் 10 டெசிபல் என இருந்தது. த்ரெஷோல்ட் என்பது குறைப்பு தொடங்கும் அளவு; ரேஷியோ, அதைத் தாண்டும் ஒலி எத்தனையில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பது; அட்டாக், ரிலீஸ் இரண்டும் குறைப்பு பிடிக்கவும் விடவும் ஆகும் நேரம்; மேக்கப் கெயின், இறுதியில் முழு ஒலிக்கும் கூட்டப்படும் அளவு. அவருடைய உச்சக் குரல் மைக்கிலிருந்து −10 அளவில் வருகிறது என்றால், அது த்ரெஷோல்டை 18 டெசிபல் தாண்டுகிறது. 6:1 என்பதால் வெளியே வருவது 3 டெசிபல் மட்டுமே. மீதி 15 டெசிபல் குறைக்கப்படுகிறது. மேக்கப் கெயினைச் சேர்த்தால் உச்சக் குரல் −15 அளவில் வெளியேறுகிறது. அவருடைய முணுமுணுப்பு −34 அளவில் வந்தால், அது த்ரெஷோல்டைத் தொடுவதே இல்லை. மேக்கப் கெயினை மட்டும் பெற்று −24 ஆகிறது. உள்ளே 24 டெசிபலாக இருந்த வேறுபாடு வெளியே 9 டெசிபலாகச் சுருங்கிவிட்டது.

பதிவறையில் இதன் விளைவு இவ்வளவுதான்: குரல் நெருக்கமாகவும் அடர்த்தியாகவும் கேட்கும். மேடையிலோ மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே காற்றில் இருக்கின்றன. மைக்கிலிருந்து மிக்ஸர் வழியாக மானிட்டருக்கும் மானிட்டரிலிருந்து மீண்டும் மைக்குக்கும் ஒரு சுற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுற்றின் மொத்தப் பெருக்கம் ஏதேனும் ஒரு அதிர்வெண்ணில் 1-ஐ எட்டினால் ஊளை பிறக்கும். பாடகி உரக்கப் பாடும்போது கம்ப்ரஸர் 15 குறைத்து 10 கூட்டுவதால் சுற்றில் அதன் பங்கு −5 டெசிபல். அவர் வாயை மூடிய அடுத்த 60 மில்லிசெகண்டுக்குள் அதன் பங்கு +10 டெசிபல். பாடும்போது சாதுவாக இருக்கும் மைக், பாடாதபோது 15 டெசிபல் அதிகமாகத் திறந்து நிற்கிறது. உரத்த ஒலியை அடக்குவதற்காக வைத்த கருவி அமைதியைத்தான் பெருக்கிக்கொண்டிருந்தது.

ஒலிச்சோதனையில் இது ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் கிடைத்தது. பிற்பகலில் மானிட்டரின் ஊளை அதிர்வெண்களை ஈக்வலைசரில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) வெட்டிச் சரிசெய்தபோது கம்ப்ரஸர் அணைக்கப்பட்டிருந்தது. அப்போது ஊளைக்கு முன் கிடைத்த இடைவெளி (ஊளை தொடங்கும் வரை இன்னும் கூட்டக்கூடிய அளவு) ஏறத்தாழ 10 டெசிபல். கம்ப்ரஸரை இயக்கியதும் மேக்கப் கெயின் அந்த இடைவெளி முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஆனால் சோதித்த பாடல்கள் வேகமானவை. வரிகளுக்கு இடையிலான நிறுத்தங்கள் குறுகியவை. ரீங்காரம் வளர்வதற்குள் அடுத்த வரி வந்து கம்ப்ரஸரை மீண்டும் அழுத்தியது. நிகழ்ச்சியின்போது கூடிய 4 டெசிபல்தான் அமைப்பை எல்லைக்கு அப்பால் தள்ளியது.

பாடகிக்குத் தன் குரல் கேட்காமல் போனதும் இதனோடு சேர்ந்ததே. இந்த மிக்ஸரில் மானிட்டருக்கான இணைப்பு கம்ப்ரஸருக்குப் பின்னால் எடுக்கப்பட்டிருந்தது. அவர் 6 டெசிபல் உரக்கப் பாடினால் மானிட்டரில் 1 டெசிபல்தான் கூடும். இரைச்சல் மிகுந்த இடத்தில் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவதை எத்தியென் லொம்பார் 1911-இல் விவரித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தன் குரல் தனக்கு நன்றாகக் கேட்டால் பாடுபவர் தாமே விசையைத் தளர்த்துவார். இங்கே எவ்வளவு தள்ளினாலும் செவிக்குப் பதில் கிடைக்காததால் அவர் மேலும் மேலும் தள்ளினார். கரகரப்புக்குத் தொண்டையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பதிவான தடத்தில் இதே செயல் கண்ணுக்கே தெரிந்தது. பாடகியின் மைக்கில் விழுந்த ஹைஹாட் (டிரம்ஸின் இணைச் சிம்பல்) ஒலி இயல்பாக −45 அளவில் இருந்தது. அவர் பாடும்போது அது −50-க்கு அமுங்கி, வரி முடிந்ததும் −35-க்கு எழுந்தது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு நீண்ட சுரத்தின் வால் அடங்குமுன்னே சிம்பல் ஒலி அதன் மேலேறி வருவதைக் காண முடிந்தது. கேட்பதற்கு மேடையே மூச்சிரைப்பது போல் இருந்தது. அரங்கின் சேமித்த கோப்பில், பதிவுக்கான இணைப்பும் கம்ப்ரஸருக்குப் பின்னரே எடுக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. எனவே முதல் இரவின் குரல் அழுத்தப்பட்ட நிலையிலேயே பதிவாகியிருந்தது.

மற்றவை எளிதில் விளங்கின. தொகுப்பாளரின் மைக்கில் இருந்த கேட் (குறித்த அளவுக்கு மேல் ஒலி வந்தால் மட்டும் மைக்கைத் திறக்கும் கருவி), மூடியிருக்கும்போது ஒலியை முழுவதுமாக அறுக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. அதன் த்ரெஷோல்டும் உயரம். மெலிந்த மெய்யொலியோடு தொடங்கும் சொல் வரும்போது, உயிரொலி வந்த பிறகே கேட் திறந்தது. பேஸ் கிதாரின் கம்ப்ரஸரில் அட்டாக் 1, ரிலீஸ் 30 மில்லிசெகண்ட். அந்தக் கருவியின் கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அதன் ஓர் அலை முடிய 24 மில்லிசெகண்ட் ஆகும். இவ்வளவு விரைவான கம்ப்ரஸர் இசையின் ஏற்ற இறக்கத்தோடு நில்லாமல் ஒவ்வொரு அலையின் வடிவத்தையும் துரத்தி வளைக்கிறது. அந்தக் கரடுமுரடு கிழிந்த ஸ்பீக்கரால் வந்ததன்று; அலை சிதைந்ததால் வந்தது. மொத்த ஒலியும் அமுங்கியதற்கு முதன்மை வெளியீட்டில் இருந்த 4:1 கம்ப்ரஸர் காரணம். கிக் டிரம்மின் ஆற்றல் அதை அழுத்த, குரலும் கூடவே இறங்கியது.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

மறுநாள் பிற்பகலில் எடுத்த முடிவுகளில் முதலாவது, பாடகியின் மைக்கை மிக்ஸருக்குள்ளேயே இரண்டு சேனல்களாகப் பிரிப்பது. ஒன்று அரங்க ஒலிக்கு, மற்றொன்று மானிட்டருக்கு மட்டும். மானிட்டர் சேனலில் கம்ப்ரஸரே கிடையாது. இதனால் மேக்கப் கெயின் விழுங்கிய 10 டெசிபல் திரும்பக் கிடைக்கும். பாடகிக்குத் தேவைப்பட்ட 4 டெசிபலைக் கொடுத்த பின்னும் 6 டெசிபல் இடைவெளி எஞ்சும். மேடை ஒலியில் நான் குறைந்தபட்சம் என்று கருதுவதும் அதுவே.

அரங்கச் சேனலில் கம்ப்ரஸரை முற்றிலும் நீக்கிவிடலாம் என்று ஒலிப்பொறியாளர் ஒரு கட்டத்தில் சொன்னார். நான் அதற்கு இசையவில்லை. டிரம்ஸ் இவ்வளவு அருகில் இருக்கும் மேடையில் 24 டெசிபல் ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டால் பாடலின் பாதிச் சொற்கள் இசைக்குள் மூழ்கிவிடும். ஆகவே த்ரெஷோல்ட் −18, ரேஷியோ 3:1, அட்டாக் 15, ரிலீஸ் 150 மில்லிசெகண்ட், மேக்கப் கெயின் 2 டெசிபல் என்று வைத்தோம். உச்சக் குரலில் குறைப்பு 5 டெசிபலைச் சற்றே தாண்டும். முணுமுணுப்பில் கருவி தொடாது. அட்டாக்கை நீட்டியதற்குக் காரணம், சொல்லின் தொடக்கத்தில் வரும் மெய்யொலிகள் அமுங்காமல் தெளிவாக வெளிவர வேண்டும் என்பது. ரிலீஸை நீட்டியதற்குக் காரணம், அசைக்கு அசை குரல் எகிறி இறங்காமல் வரியின் போக்கில் செல்ல வேண்டும் என்பது. மீதி வேலையை ஃபேடரில் இருக்கும் விரல் செய்யட்டும் என்று பேசிக்கொண்டோம். எவ்வளவு குறைக்கப்படுகிறது என்று காட்டும் கெயின் ரிடக்ஷன் விளக்குகள் விடாமல் எரிந்தால்தான் கருவி வேலை செய்கிறது என்ற எண்ணம் நம் தொழிலில் பலருக்கு உண்டு. அவை பெரும்பாலான நேரம் அணைந்திருப்பதே இங்கு நோக்கம்.

தொகுப்பாளரின் கேட் எடுக்கப்பட்டு, அதன் இடத்தில், மெல்லிய ஒலியை மேலும் தாழ்த்தும் 2:1 எக்ஸ்பாண்டர் வைக்கப்பட்டது. பேசாதபோது ஒலி 10 டெசிபலுக்கு மேல் இறங்காதபடி அதன் எல்லை கட்டப்பட்டது. முழுமையாக மூடாத கதவு தாமதமாகத் திறந்தாலும் முதல் அசை காதில் விழுந்துவிடும். பேஸ் கிதாருக்கு அட்டாக் 30, ரிலீஸ் 200 மில்லிசெகண்ட். முதன்மை வெளியீட்டின் கம்ப்ரஸர் நீக்கப்பட்டது. ஸ்பீக்கர்களைக் காக்கும் ப்ராசஸரில், ஒலி குறித்த எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரைத் தொடவில்லை. அது பொருளைக் காப்பதற்கானது, ஒலியின் சுவைக்கானதன்று.

நேரலைக்குத் தனி வெளியீடு அமைத்து, அதில் மட்டும் 2:1 கம்ப்ரஸரும் இறுதியில் ஒரு லிமிட்டரும் வைத்தோம். கைப்பேசியில், ஓடும் வண்டியில் கேட்பவருக்கு அரங்கில் அமர்ந்திருப்பவரைக் காட்டிலும் குறைந்த ஏற்ற இறக்கமே பயன்படும். அங்கே ஊளைக்கும் இடமில்லை, ஏனெனில் அந்த ஒலி எந்த மைக்குக்கும் திரும்பி வருவதில்லை.

பதிவுக்கான இணைப்பு, மைக்கின் மெல்லிய சமிக்ஞையை முதலில் பெருக்கும் ப்ரீஆம்புக்கு அடுத்த புள்ளிக்கு, அதாவது கம்ப்ரஸருக்கு முன்னால், மாற்றப்பட்டது. ஒலிநாடாக் காலத்தில் நாடாவின் இரைச்சலுக்கு மேலே குரலை நிறுத்துவதற்காகப் பதிவின்போதே அழுத்துவதில் நியாயம் இருந்தது. 24 பிட் பதிவில் கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடம் இருக்கும்போது, உச்சத்துக்கு மேல் 10 டெசிபலுக்குக் குறையாத இடைவெளி விட்டு அப்படியே பதிந்துகொள்வதில் இழப்பு எதுவும் இல்லை.

பாடகியிடமும் பேசினோம். மேல் சுரங்களில் மைக்கை 5 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு நகர்த்தினாலே ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதையும், அவ்வாறு நகர்த்தும்போது நெருக்கத்தால் கூடும் அடித்தொனியும் இறங்கும் என்பதையும் மைக்கைக் கையில் பிடித்தே காட்டினார் ஒலிப்பொறியாளர். "இதை முன்னாடியெல்லாம் செஞ்சுக்கிட்டுதான் இருந்தேன் தம்பி, நேத்து எவ்வளவு தள்ளினாலும் ஒண்ணும் மாறலன்னுதான் விட்டுட்டேன்" என்றார் பாடகி.

இரண்டாம் இரவு

ஒலிச்சோதனை மெதுவான பாடலில் தொடங்கியது. எல்லாக் கருவிகளும் இயங்கும் நிலையில், மைக்குகள் அனைத்தும் திறந்திருக்க, ஒருவரும் பாடாமல் மானிட்டரை ஏற்றிப் பார்த்தே எல்லை கண்டறியப்பட்டது.

நிகழ்ச்சியில் ஊளை எழவில்லை. பாடகி மானிட்டரைக் கூட்டச் சொன்னது தொடக்கத்தில் ஒரு தடவை மட்டுமே. பின்னர் சற்றுக் குறைக்கவும் சொன்னார். தன் உச்சக் குரல் மானிட்டரில் முழு விசையோடு திரும்பி வந்தது முதல் பாடலில் அவரைத் திடுக்கிடச் செய்தது. அதன்பின் மைக்கை நகர்த்தி அவரே அளவு பார்த்துக்கொண்டார். இறுதிப் பாடல் வரை குரல் தெளிவாக இருந்தது. முந்தைய இரவுச் சோர்வின் மிச்சம் சில இடங்களில் தெரிந்தாலும், புதிதாகக் கரகரப்பு கூடவில்லை.

குறைகளும் இருந்தன. ஒரு பாடலில் கிதார் தனித்து வாசிக்கும் பகுதியைச் சரிசெய்ய ஒலிப்பொறியாளர் வேறு பக்கத்துக்கு மாறியிருந்தபோது, பாடகி எதிர்பாராமல் உச்சத்தில் நுழைந்தார். முன்வரிசையினர் முகம் சுளிக்கும் அளவுக்குக் குரல் பாய்ந்து வந்தது. முதல் இரவின் அமைப்பு இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மென்மையான கம்ப்ரஸர் இயக்குபவரிடம் கூடுதல் கவனத்தைக் கேட்கிறது. அந்த விலையை நாங்கள் அறிந்தே ஏற்றோம். துணைப் பாடகரின் மைக்கில் பழைய அமைப்பே தொடர்ந்ததால், அவர் பாடாதபோது டிரம்ஸ் அதன் வழியாக அரங்குக்குள் கசிந்தது. பாடாத மைக்கைக் கையால் அணைத்து அதைச் சமாளித்தோம். திறந்த மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஊளைக்கு முன்னான இடைவெளி 3 டெசிபல் குறையும் என்பதால், இந்தக் கை வேலையால் மற்றொரு பயனும் கிட்டியது.

தடங்களைக் கலந்தபோது

இரண்டாம் இரவின் குரல் தடத்தில் முதலில் செய்தது அளவுத் திருத்தம்: வரிக்கு வரி கையால் ஏற்றி இறக்கி ஏற்ற இறக்கத்தை 12 டெசிபல் அளவுக்குக் கொண்டுவந்தேன். அதன்பின்னரே கம்ப்ரஸர், அதுவும் அடுத்தடுத்து இரண்டு. முதலாவது, பில் பட்னம் வடிவமைத்த 1176 என்ற கம்ப்ரஸர் வகையைச் சார்ந்தது. அதன் அட்டாக் 20 முதல் 800 மைக்ரோசெகண்ட் வரையிலானது என்பதால் திடீர் முனைகளை மட்டும் 2, 3 டெசிபல் பிடித்தது. இரண்டாவது, எல்ஏ-2ஏ வகையைச் சார்ந்தது. ஒளியாலும் ஒளியுணரியாலும் இயங்கும் அந்த வடிவத்தில் குறைப்பில் பாதி விடுபடுவதற்கு ஏறத்தாழ 60 மில்லிசெகண்ட் ஆகும், மீதி விடுபடச் சில நொடிகள்கூட ஆகலாம். அந்த நிதானமான வால்தான் வரி முடிவில் சிம்பல் எழுந்து வராமல் காத்தது. ஒரே கம்ப்ரஸரை 8 டெசிபல் அழுத்தச் செய்வதைவிட, இரண்டுக்கும் பகிர்ந்து கொடுத்தால் இரண்டின் கைத்தடமும் காதில் படுவதில்லை.

முதல் இரவின் தடத்தை மீட்கவும் முயன்றேன். வரிகளுக்கு இடையே அளவைக் கையால் இறக்கியபோது மூச்சிரைப்பு குறைந்தது. ஆனால் சுரத்தின் வாலோடு ஏறி வந்த சிம்பலைப் பிரிக்க முடியவில்லை. 1 மில்லிசெகண்ட் அட்டாக்கில் மழுங்கிப்போன மெய்யொலிகளும் திரும்பவில்லை. இறுதித் தொகுப்பில் முதல் இரவிலிருந்து, டிரம்ஸ் இல்லாத பகுதிகள் சில மட்டுமே இடம்பெற்றன. மெதுவான பாடல் முழுமையாக இரண்டாம் இரவுடையது. இணைய வெளியீட்டுக்கான இறுதி அளவு −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு) அருகிலும், உண்மை உச்சம் −1 டெசிபலுக்குக் கீழேயும் வைக்கப்பட்டது. அதற்கு மேல் லிமிட்டரில் தள்ளினாலும் பல ஒலிபரப்புத் தளங்கள் அதைத் திரும்பக் குறைத்துவிடும் என்பதால், இரண்டாம் இரவில் காப்பாற்றிய ஏற்ற இறக்கத்தை இங்கே இழக்கக் காரணம் எதுவும் இல்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மானிட்டரின் ஊளை எல்லையைக் காணும்போது கம்ப்ரஸரும் மேக்கப் கெயினும் நிகழ்ச்சியில் இருக்கப்போகும் நிலையிலேயே இருக்க வேண்டும். ஒலிச்சோதனையில் மிக மெதுவான பாடலும் மிக உரத்த பாடலும் இரண்டுமே இடம்பெற வேண்டும்; நேரம் ஒன்றுக்கு மட்டுமே இருந்தால் மெதுவானதைத் தேர்ந்தெடுப்பேன்.

அரங்கின் சேமித்த கோப்பை ஏற்றிய உடனேயே, மானிட்டர், பதிவு, நேரலை ஆகிய மூன்றும் எந்தப் புள்ளியிலிருந்து எடுக்கப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். மிக்ஸருக்கு மிக்ஸர் இது மாறும். சிலவற்றில் திரையின் நான்காம் அடுக்கில் ஒளிந்திருக்கும்.

அரங்கச் சேனலில் 3:1 கம்ப்ரஸருக்குப் பின்னால், திடீர் உச்சங்களில் மட்டும் வேலை செய்யும் ஒரு லிமிட்டரை வைத்திருந்தால் முன்வரிசையைச் சுளிக்க வைத்த அந்தப் பாய்ச்சல் தடுக்கப்பட்டிருக்கும். மேக்கப் கெயின் தேவைப்படாத லிமிட்டர் என்பதால் ஊளையின் இடைவெளியை அது தொடாது. தொகுப்பாளர்கள் பலர் ஒரே நேரத்தில் பேசும் நிகழ்ச்சியாக இருந்தால், எக்ஸ்பாண்டரைவிட டான் டூகன் உருவாக்கிய பெருக்கத்தை மைக்குகளுக்கிடையே பகிர்ந்தளிக்கும் தானியங்கிக் கலப்பு பொருத்தமாக இருக்கும்; ஒரு தொகுப்பாளருக்கு அது மிகை.

பாடகி அடுத்த நிகழ்ச்சிகளில் காதுக்குள் வைக்கும் மானிட்டருக்கு மாறப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது ஊளைக் கணக்கு பெரும்பாலும் மறையும். ஆனால் அங்கே லிமிட்டர் கட்டாயம். மைக் கீழே விழுந்தாலோ கம்பி பிடுங்கப்பட்டாலோ எழும் வெடிப்பு நேரே செவிப்பறையில் போய் விழும் என்பதால், அந்த வெளியீட்டின் லிமிட்டர் அளவை அவர் காதில் மாட்டுவதற்கு முன்பே வைத்துவிடும்படி ஒலிப்பொறியாளரின் குறிப்பேட்டில் எழுதப்பட்டுள்ளது.